பையன் கனைக்கிறான், கத்துறான், கூட்டாளி ஒருத்தனும் இல்லை. எது டிக், எது சேட்டை?

பரவை_அம்மா

வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதுறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கு ஒரே பையன். பத்து வயசு, அஞ்சாம் வகுப்பு. ஆறு வயசுல கண்ணைப் பட்டுப் பட்டுண்டு சிமிட்ட ஆரம்பிச்சான். டிவி பாத்துக் கண்ணு கெட்டுப்போச்சுண்டு கண் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனோம். சொட்டு மருந்து குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல நின்னுச்சு, மருந்துலதான் நின்னுச்சுண்டு நம்பிட்டோம். அப்புறம் மூக்கை உறிஞ்சுனான். அது போயி தொண்டையைக் கனைச்சான். சளி, அலர்ஜிண்டு ஒன்றரை வருசம் ஓடிப்போச்சு. அடுத்து தோளை வெடுக்குண்டு தூக்குறது, கழுத்தை ஒரு பக்கமா இழுக்குறது. ஒண்ணு போனா ஒண்ணு வந்துருது. போன வருசம்தான் நரம்பு டாக்டர் ஒருத்தர் அரை மணி நேரம் உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, இப்படித் தானா வர்ற அசைவுக்கும் சத்தத்துக்கும் டிக்குண்டு பேரு, இவனுக்கு இருக்குற நரம்புக் கோளாறு டூரெட்டுண்டு சொன்னார். பேரு தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்குனேன்.

இப்ப "க்கீ"ண்டு ஒரு சத்தம் வருது. டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பி எழுதும்போதுதான் அதிகமா வருது. அவங்களைக் கேலி பண்றாண்டு நினைச்சு மூணு நாள் வராந்தாவுல நிக்க வச்சுட்டாங்க. பக்கத்துல உக்காந்திருக்குற பையன் தோளை ரெண்டு தடவை தொடணும் இவனுக்கு. ஒரு தடவை தொட்டா ஆகாது, ரெண்டு தடவை. அந்தப் பையன் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் திருப்பி அடிச்சுட்டான். இவனும் அடிச்சிருக்கான். தெருவுல கிரிக்கெட் விளையாடப் போனா அவுட்டை ஒத்துக்க மாட்டான், பேட்டைத் தூக்கிப் போட்டுட்டு வந்துருவான். யாராவது பேசிக்கிட்டு இருந்தா நடுவுல புகுந்து பேசுவான். போன மாசம் எங்க தெருவுலயே ஒரு பிறந்த நாள். வகுப்புல எல்லாரையும் கூப்பிட்டாங்க, இவனைக் கூப்பிடலை. ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஸ்கூல் வேன்ல இருந்து இறங்குனா அடுத்த ஒரு மணி நேரம் வீடு ரணகளம். தட்டைத் தூக்கி எறியுறான். என்னைக் கிள்ளிட்டு, அப்புறம் என் மடியிலேயே படுத்து அழுகுறான்.

இவங்க அப்பா "நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட"ண்டு சொல்றாரு. என் மாமியார் சொன்னதால பாண்டி கோயிலுக்குப் போயி மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு. நான் கேக்குறது இதுதான். இவன் செய்யுறதுல எது அந்த நோய், எது சேட்டை? எதுக்குக் கண்டிக்கணும், எதை விட்டுறணும்? எல்லாத்துக்கும் கண்டிச்சா பாவமா இருக்கு, எல்லாத்தையும் விட்டா இவன் என்ன ஆவான்னு பயமா இருக்கு.

திருமங்கலம்_அக்கா

அந்த ஜன்னல் வரி என்னை என்னமோ பண்ணிருச்சு தங்கச்சி. என் மகளுக்கும் இதுதான், பதிமூணு வயசு. அப்புறம் நிதானமா எழுதுறேன். நீங்க தனியா இல்லை.

மனநல_தோழி

பரவை அம்மா, நான் மதுரையில் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் பையனைப் பார்க்காமல் இவனுக்கு இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

கண் டாக்டர், சளி மருந்து, அலர்ஜி என்று அலைந்தது உங்கள் தவறு இல்லை. எங்களிடம் வருகிற பாதிப் பேர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். டிக் தானாகவே கூடும், தானாகவே குறையும். எந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் அதனால்தான் நின்றது என்று தோன்றும். பொதுவாக ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் முகத்தில் தொடங்கி, தோள், கை என்று இறங்கும். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்துக்குப் போகும். பிறகு பெரும்பாலானவர்களுக்கு வளரிளம் பருவம் முடிவதற்குள் நன்றாகக் குறையும். உங்கள் பையன் இப்போது ஏறுமுகத்தில் இருக்கிறான். இந்த இரண்டு மூன்று வருடங்களில் அவனுக்குப் பள்ளியும் கூட்டாளிகளும் கசந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. டிக் குறையும்போது அவன் குறைந்தவனாக வளர்ந்து நிற்கக் கூடாது.

இனி கேள்விக்கு வருகிறேன். "க்கீ" சத்தம், தோள், கழுத்து: இவை டிக். கொசு கடித்த இடத்தைச் சொறியாமல் உட்காரச் சொன்னால் கொஞ்ச நேரம் உட்காரலாம். ஆனால் மனசெல்லாம் அந்த இடத்திலேயே இருக்கும். அதே மாதிரி ஒரு குறுகுறுப்பு டிக் வருவதற்கு முன்னால் வரும். அவன் டீச்சர் பார்க்கும்வரை அடக்குகிறான், அவர் திரும்பியதும் வெளியே வந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் முதுகுக்குப் பின்னால் கேலி செய்வது போலத்தான் தெரியும். உண்மையில் அவன் அந்த ஆசிரியருக்கு மரியாதை கொடுக்கத்தான் அவ்வளவு நேரம் அடக்கியிருக்கிறான்.

தோளை இரண்டு தடவை தொடுவதை அவனிடமே கேளுங்கள். அதட்டாமல், படுக்கப் போகும் நேரத்தில் கேளுங்கள். "தொடுறதுக்கு முன்னாடி உனக்கு எப்படி இருக்கும்?" கையில் என்னவோ செய்தது என்றால் டிக் பக்கம். தொடாவிட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றுகிறது என்றால் அது ஓசிடி பக்கம், அதாவது ஒரு பயத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்ப ஒன்றைச் செய்ய வைக்கும் மனநலப் பிரச்சினை. "சரியா இல்லாத மாதிரி இருக்கும், ரெண்டாவது தடவை தொட்டா சரியாயிரும்" என்றால் இரண்டுக்கும் நடுவில். டூரெட் உள்ள பிள்ளைகளில் பலருக்கு ஓசிடியும் சேர்ந்தே வருகிறது. டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

நடுவில் புகுந்து பேசுவது, அவுட்டை ஒத்துக்கொள்ளாதது, வரிசையில் காத்திருக்க முடியாதது, இவை டிக் இல்லை. கவனம் நிலைக்காமல், பொறுமை இல்லாமல் அவசரப்பட வைக்கும் ஏடிஹெச்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டூரெட் என்று வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது அதுவும் இருக்கும். நான் பார்த்தவரையிலும் ஆய்வுகள் சொல்கிறவரையிலும், கூட்டாளி இல்லாமல் போவதற்கு டிக் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைவிட இந்த அவசர புத்திதான் பெரிய காரணம். கனைக்கிறவனோடு பிள்ளைகள் பத்து நாளில் பழகிவிடுவார்கள். ஆட்டத்தைக் கலைக்கிறவனோடு பழக மாட்டார்கள். ஆனால் ஆட்டத்தில் காத்திருப்பதும் தோற்பதும் கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயங்கள்.

நாலரை மணிக் கோபம் நாள் முழுக்க அடக்கியதன் களைப்பு. அடிப்பது, எறிவது டிக் இல்லை, அதற்கு எல்லை வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் பாடம் எடுக்காதீர்கள், காதில் ஏறாது. வேனிலிருந்து இறங்கியதும் ஒரு மணி நேரம் கேள்வி இல்லை, ஹோம்வொர்க் இல்லை, சாப்பாடு மட்டும். கிள்ளியதைப் பற்றி இரவில் பேசுங்கள். உடைத்த தட்டுத் துண்டுகளை அவன் அள்ளட்டும், பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

கேகேநகர்_அப்பா

நான் சொல்றது சிலருக்குப் பிடிக்காமப் போகலாம், ஆனா மனசுல பட்டதைச் சொல்றேன். எல்லாத்துக்கும் ஒரு பேர் வச்சு "அவனால முடியலை"னு சொல்லிட்டா பிள்ளைங்க அதையே பிடிச்சுக்கும். என் அண்ணன் மக, பதினாலு வயசு. லாக்டவுன் சமயத்துல போன்ல இந்த மாதிரி வீடியோவாப் பாத்துட்டு, ஒரு வாரத்துல கையைத் தட்டிக்கிட்டு அதே வார்த்தைகளைக் கத்த ஆரம்பிச்சுட்டா. போனை வாங்கி வச்சுக் கண்டிப்பா இருந்தோம், நின்னுச்சு. அப்ப இது வேணும்னு செய்யுறதுதானே?

மனநல_தோழி

ஐயா, நீங்கள் சொன்னது நிஜமாகவே நடந்தது, மறுக்கவில்லை. 2020, 2021 வாக்கில் பல நாடுகளில் மருத்துவர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள். திடீரென்று ஒரே நாளில், ஒரே வாரத்தில் தொடங்கும். கைகளை வீசுவது, முழு வாக்கியங்களைக் கத்துவது என்று இருக்கும். டூரெட் அப்படித் தொடங்காது. சின்ன வயதில் கண் சிமிட்டலாக, மெல்ல வரும், பையன்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். பரவை அம்மா சொன்ன கதை அச்சு அசல் இந்த இரண்டாவது வகை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் அண்ணன் மகளும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். அந்த வயதில் மனதின் நெருக்கடி உடம்பு வழியாக வெளிவரும். நின்றது நல்லது. ஆனால் அவள் அப்போது எதற்காகத் தவித்தாள் என்று யாராவது கேட்டீர்களா?

"அதையே பிடிச்சுக்கும்" என்று நீங்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. கனைத்தால் ஹோம்வொர்க் வேண்டாம், கத்தினால் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்துகொள்ளலாம் என்று வீட்டில் வழக்கமாகிவிட்டால் டிக் கூடுவதைப் பார்த்திருக்கிறோம். பிள்ளை நடிப்பதில்லை, மூளை அப்படிப் பழகிக்கொள்கிறது. அதனால் டிக்குக்குத் தண்டனையும் வேண்டாம், சலுகையும் வேண்டாம். வந்தால் வரட்டும், செய்கிற வேலை தொடரட்டும்.

கேகேநகர்_அப்பா

கேக்கலை. யாரும் கேக்கலைதான். அண்ணன்ட்ட பேசுறேன்.

சிம்மக்கல்_அச்சகம்

எனக்கு முப்பத்தெட்டு வயசு. எட்டு வயசுல இருந்து இது என்கூட இருக்கு. எனக்குப் பேரே இருபத்தாறு வயசுலதான் தெரியும். அதுவரைக்கும் எங்க தெருவுல எனக்கு வேற பேரு. அதை இங்க எழுத மனசு வரலை.

எங்க அப்பா அடிப்பாரு. கெட்ட மனுசன் இல்லை. அடிச்சா பழக்கம் போயிரும்னு யாரோ சொன்னதை நம்புனாரு. அடி வாங்குன அன்னிக்கு டிக் இன்னும் கூடும், அதுக்கும் அடி விழும். பள்ளிக்கூடத்துல நான் கண்டுபிடிச்ச வழி இருமல். கனைப்பு வர்ற மாதிரி இருந்தா இருமிக்குவேன். வருசம் முழுக்க இருமுனேன். டிபின்னு சொல்லி ஒருத்தன் தள்ளி உக்காந்தான்.

பரவை அம்மா, ஒரு விஷயம் நான் லேட்டாக் கத்துக்கிட்டேன், உங்க பையன் இப்பவே கத்துக்கிட்டா நல்லது. புதுசா ஒரு இடத்துக்குப் போனா, டிக் வர்றதுக்கு முன்னாடியே நானே சொல்லிருவேன்: "எனக்குக் கழுத்து இப்படி இழுக்கும், சத்தம் வரும். நரம்புக் கோளாறு, ஒட்டாது. கண்டுக்காம பேசுங்க." அவ்வளவுதான். அதைச் சொன்ன அடுத்த நிமிசம் பாதி டிக் குறைஞ்சிரும், மறைக்கிற பாரம் இறங்கிருதுல்ல. அதைச் சொல்லாம ஒரு மணி நேரம் அடக்கிட்டு, முடியாம வெடிச்சா எதிர்ல இருக்குறவங்க பயந்துருவாங்க. அதுக்கப்புறம் சொல்ற விளக்கம் எடுபடாது.

அவனுக்குன்னு ஒரு வாக்கியம் இருக்கணும். நீங்க எழுதிக் குடுக்காதீங்க, அவனே அவன் வார்த்தையில சொல்லட்டும். கண்ணாடி முன்னாடி வேணாம். உங்ககிட்ட, அப்பாகிட்ட, அப்புறம் மளிகைக்கடை அண்ணன்கிட்டன்னு ஒவ்வொருத்தரா சொல்லிப் பழகட்டும்.

இன்னொண்ணு. நான் ஆஃப்செட் மிஷின்ல வேலை பாக்குறேன். நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு பிசகாம உக்காரணும், மயிரிழை தப்புனாலும் படம் கலங்கிரும். அந்த வேலையில கண்ணை வச்சா எனக்கு டிக்கே இருக்காது. மிஷினை நிறுத்திட்டு டீ குடிக்க வந்தா வரும். அமெரிக்காவோட கோல்கீப்பர் டிம் ஹோவார்டுக்கும் டூரெட்தான். 2014 உலகக் கோப்பையில பெல்ஜியத்தை எதிர்த்து அந்த ஆளு பந்தைத் தடுத்துக்கிட்டே இருந்ததை நான் ராத்திரி முழிச்சிருந்து பாத்தேன். மறுநாள் எங்க அப்பாவுக்கும் போட்டுக் காமிச்சேன். உங்க பையனுக்கு எதுல கை நிலைச்சு நிக்குதுன்னு பாருங்க.

மேலூர்_வாத்தியார்

அரசுப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக ஆசிரியர். அம்மா, முதலில் எங்கள் இனத்தின் சார்பாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வராந்தா தண்டனையை நானும் ஒரு காலத்தில் கொடுத்திருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். நாய் குரைப்பது போன்ற சத்தம். முதல் வாரம் நானும் கோபப்பட்டேன். அவனுடைய தாத்தா பஸ் ஏறி வந்து மருத்துவச் சீட்டைக் காட்டினார். அதற்கப்புறம் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். உங்கள் டீச்சரிடம் இதைக் காட்டினாலும் சரி.

முதலில் பையனிடம் கேட்டேன். "வகுப்புல இதைப் பத்திப் பேசட்டுமா? நீ இருக்கியா, இல்ல அந்தப் பீரியடு லைப்ரரியில உக்காந்துக்கிறியா?" இருக்கிறேன் என்றான். சம்மதம் இல்லாமல் பேசியிருந்தால் அது இன்னொரு அவமானம் ஆகியிருக்கும்.

வகுப்பில் நீளமாக எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் நோட்டை எடுங்கள், போர்டில் எழுதுவதைப் பார்த்து எழுதுங்கள், ஆனால் யாரும் கண் சிமிட்டக் கூடாது என்றேன். அத்தோடு நான் மேசையைத் தட்டும்போதெல்லாம் எழுதின வார்த்தையை அடித்துவிட்டுத் திருப்பி எழுத வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, "சார் முடியலை சார்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பிள்ளை கண்ணீரோடு சிரித்தாள். "இவனுக்கு நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும். நீங்க ரெண்டு நிமிசம் தாங்கலை, இவன் ஆறு பீரியடு தாங்குறான்" என்றேன். அதற்கப்புறம் அவர்களே கேள்வி கேட்டார்கள். ஒட்டுமா? வலிக்குமா? தூக்கத்துல வருமா? பையனே பதில் சொன்னான். தூக்கத்தில் ரொம்பக் கம்மி என்றான், கழுத்து இழுத்தால் சாயங்காலம் வலிக்கும் என்றான். அன்று மத்தியானம் சத்துணவுக் கூடத்தில் அவன் பக்கத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இடம் மாற்றினேன். முதல் பெஞ்ச் நல்லது என்று நினைப்போம். ஆனால் அங்கே உட்கார்ந்தால் நாற்பது ஜோடிக் கண் முதுகில் இருக்கும். வாசல் ஓரமாக, பின்வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார வைத்தேன். ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தேன். தாங்க முடியாதபோது அதை மேசையில் வைத்துவிட்டுக் கேட்காமலே வெளியே போய் வேப்பமரத்தடியில் இரண்டு நிமிடம் கத்திவிட்டு வரலாம். தப்பாகப் பயன்படுத்துவானோ என்று சக ஆசிரியர்கள் பயந்தார்கள். அந்த அட்டை கையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே அவன் வெளியே போவது குறைந்துபோனது.

அவன் மற்றவனை அடித்தால் மற்ற பிள்ளைகளுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனைதான். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இவனுக்கு மட்டும் சலுகை என்று பிள்ளைகள் நினைத்துவிட்டால் அந்த மூன்று பேரும் எழுந்து போய்விடுவார்கள்.

வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் மூலம் கேட்கலாம்.

வாடிப்பட்டி_பேத்தி

இதை எங்க அப்பத்தா சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன். என் தம்பிக்கு டூரெட். இந்த இழையை அப்பத்தாவுக்கு வாசிச்சுக் காமிச்சேன். "அந்தப் பிள்ளைட்ட நான் ஒண்ணு சொல்லணும்"ண்டு உக்காந்துட்டாங்க. இனி அப்பத்தா:

ஆத்தா, நல்லா இருக்கியா. உன் மாமியாவைக் கோவிச்சுக்காத. நானும் என் பேரனுக்குத் துன்னூறு போட்டேன், வேப்பிலை அடிச்சேன், சாமிகிட்ட முடி எடுத்தேன். என்னண்டு தெரியாதப்ப சாமியத்தான் கேக்கத் தோணும். சாமி கும்புடுறதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா ஒரு பூசாரி இவனைக் கட்டிப்போட்டு அடிச்சு ஓட்டணும்ண்டான். அன்னிக்கு எந்திரிச்சு வந்தவதான், அந்தப் பக்கம் திரும்பலை. பிள்ளையைத் தொட விடாதே.

உன் பிள்ளை அவுட்டை ஒத்துக்க மாட்டேங்குறாண்டு சொன்னியே, இவனும் அப்படித்தான். பல்லாங்குழியில தோத்தா சோழியை வாரி எறிவான். நான் தாயத்துக்கு மாத்துனேன். ஏன்னு கேளு. தாயத்துல காத்துக்கிடக்கணும். தாயம் விழுகாம காய் இறங்காது. கட்டையை உருட்டி உருட்டி வெறுங்கையா அடுத்தவகிட்ட குடுக்கணும். நல்லாப் போய்க்கிட்டு இருக்குற காயை வெட்டிப் போட்டுருவாக, மறுபடி முதல்ல இருந்து. வெட்டு வாங்காம யாரும் ஜெயிச்சதில்ல, பெரியாளும் வாங்கணும், சின்னாளும் வாங்கணும். முதல்ல நானும் அவனும் மட்டும், திண்ணையில, கரிக்கோடு போட்டு. வெட்டுனா அழுவான். "அழுதுட்டு வா, காயி இங்கதான் இருக்கும்"பேன். ஆட்டத்தைக் கலைச்சா அன்னிக்கு ஆட்டம் இல்லை, அது ஒண்ணுதான் சட்டம். ஏசவும் மாட்டேன், கெஞ்சவும் மாட்டேன். ஒரு மாசம் கழிச்சு இந்தப் பேத்தியைச் சேத்துக்கிட்டோம். அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன். ஒருத்தன்தான். கூட்டமாக் கூட்டிட்டு வராதே. நாலு பேரு சேந்தா ஒருத்தனை ஒதுக்குவாக, அது பிள்ளைக குணம்.

இப்ப அவன் கனைச்சுக்கிட்டே கட்டையை உருட்டுவான், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாக.

(நான் பேத்தி. தம்பிக்கு இப்ப பன்னிரண்டு. பக்கத்து வீட்டுப் பையன் இன்னமும் வர்றான்.)

மனநல_தோழி

அப்பத்தாவுக்கு என் வணக்கம். நாங்கள் அட்டைகளும் பொம்மைகளும் வைத்துச் சொல்லிக்கொடுப்பதை அவர் கரிக்கோட்டில் செய்திருக்கிறார். முதலில் நம்பகமான ஒரு பெரியவரோடு, பிறகு வீட்டுப் பிள்ளையோடு, பிறகு வெளியிலிருந்து ஒரே ஒரு பையனோடு. இதே வரிசையில்தான் நாங்களும் போவோம்.

திருமங்கலம்_அக்கா

இப்பதான் எழுத நேரம் கிடைச்சுச்சு. யாரும் தொடாத ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லணும். என் மகளுக்குச் சத்தம் குறைவு. ஆனா சொல்லக் கூடாததைச் சொல்லிருவா. குண்டா ஒருத்தர் வீட்டுக்கு வந்தா "குண்டு"ம்பா. துக்க வீட்டுல போயிச் சிரிச்சிருக்கா. எங்க சின்ன மாமனார் கேதத்துல நடந்ததை நினைச்சா இன்னும் உடம்பு நடுங்குது. ஊரே எங்களைத்தான் பாத்துச்சு. வீட்டுக்கு வந்து, "சொல்லக் கூடாது சொல்லக் கூடாதுன்னு நினைச்சேம்மா, அதனாலதான் வந்துருச்சு"ன்னு விடிய விடிய அழுதா. வளர்ப்பு சரியில்லைன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது? டூரெட்டுன்னாலே கெட்ட வார்த்தை பேசுற நோய்னு போன்ல தேடிப் பாத்துட்டு ஒரு சொந்தக்காரர் சொன்னது வேற.

மனநல_தோழி

அக்கா, உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரியை நான் என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன், பெயர் இல்லாமல். "கூடாதுன்னு நினைச்சதாலதான் வந்துருச்சு." அதுதான் நடக்கிறது. கெட்ட வார்த்தை தானாக வருவது டூரெட் உள்ளவர்களில் பத்துப் பதினைந்து சதவீதத்தினருக்குத்தான். 1885ல் இதை முதலில் விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஜில் த லா தூரெத் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்தப் பெயர்தான் நோய்க்கு நின்றது. ஊரில் பரவியது மட்டும் கெட்ட வார்த்தைக் கதை. கெட்ட வார்த்தை இல்லாமல், அந்த இடத்தில் எது மனதைப் புண்படுத்துமோ அதைச் சொல்லிவிடும் உந்துதலும் சிலருக்கு உண்டு. குறிப்பாக அவசர புத்தி சேர்ந்திருந்தால். ஏன் சொன்னாய் என்று கேட்பதில் பயன் இல்லை. சொன்ன பிறகு என்ன செய்வது என்பதைப் பழக்குங்கள். "மன்னிச்சுக்கோங்க, நான் அதை நினைச்சுச் சொல்லலை" என்று உடனே அவளே சொல்லட்டும், நீங்கள் அவளுக்காகச் சொல்லாதீர்கள். துக்க வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது, நம் ஊரில் அது உறவையே அறுத்துவிடும். போகலாம். ஐந்து நிமிடம் இருந்து, மாலை போட்டுவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

மருந்து, பயிற்சி பற்றித் தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், இங்கேயே சொல்கிறேன். எல்லா டிக்குக்கும் மருந்து வேண்டியதில்லை. வலி இருந்தால், படிப்போ பழக்கமோ கெட்டால் பார்க்கலாம். குளோனிடின், அரிபிப்ரசோல், ரிஸ்பெரிடோன் போன்றவை கொடுப்பார்கள். தூக்கம் வரலாம், பசி கூடி எடை ஏறலாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குளோனிடினைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும்.

பயிற்சி என்பது 1973ல் அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் தொடங்கிவைத்த முறையிலிருந்து வளர்ந்தது. குறுகுறுப்பு வருவதைப் பிள்ளை கவனிக்கக் கற்றுக்கொள்ளும். வந்ததும் டிக்குக்கு இடம் கொடுக்காத வேறொரு அசைவைச் செய்யும். தோள் தூக்கலுக்கு முழங்கையை விலாவோடு அழுத்திக்கொள்வது, சத்தத்துக்கு வாயை மூடி மூக்கால் மெல்ல மூச்சு விடுவது. 2010ல் அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் பத்து வாரம் செய்து பார்த்தார்கள். பயிற்சி எடுத்தவர்களில் பாதிக்கு மேல் நன்றாக முன்னேறினார்கள். ஆறுதல் பேச்சும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மதுரையில் இருப்பவர்கள் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ தொடங்கலாம். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ், இலவசம், தமிழில் பேசலாம்.

பரவை_அம்மா (ஏழு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி சொல்லாமலே போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஒவ்வொண்ணா செஞ்சு பாத்துட்டு வரலாம்ண்டு இருந்தேன்.

தோளைத் தொடுறதைப் பத்தி ராத்திரி கேட்டேன். "தொடலைண்டா உனக்கு ஆக்சிடென்ட் ஆயிரும்ண்டு தோணும்மா"ண்டு சொன்னான். நாலு மாசமா இதைச் சுமந்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கான். டாக்டர்ட்ட சொன்னோம், ஓசிடிக்குத் தனியாப் பாக்குறாங்க. இன்னும் தொடுறான், ஆனா குறைஞ்சிருக்கு. பக்கத்துல உக்காந்திருந்த பையனோட அம்மாட்ட நானே போயிப் பேசுனேன். கோபமா இருந்தவங்க, கேட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

நாலரை மணிக்கு இப்ப கேள்வியே கேக்குறது இல்லை. வெங்காய வடை, டீ, மொட்டை மாடி. அவங்க அப்பா மாட்டுத்தாவணியில வேலை முடிஞ்சு சீக்கிரம் வர்ற நாள்ல கூடப் போயி உக்காந்துக்கிறாரு. சிம்மக்கல் அண்ணே, உங்க போஸ்டை அவர்தான் ரெண்டு தடவை வாசிச்சாரு. "அடிச்சா பழக்கம் போயிரும்னு யாரோ சொன்னதை நம்புனாரு"ங்குற வரியில நிறுத்திட்டு வெளிய எந்திரிச்சுப் போயிட்டாரு.

போன ஞாயித்துக்கிழமை சோழவந்தான் பக்கம் ஒரு காதுகுத்து. மைக் செட், மேளம், சனம். எனக்கு உள்ளுக்குள்ள உதறல். சந்தோசமான கூட்டத்துலயும் டிக் கூடும்ண்டு இப்பத் தெரியும். பந்தியில உக்காந்ததும் "க்கீ, க்கீ"ண்டு ஆரம்பிச்சுருச்சு. எதிர்ல இருந்த பெரியப்பா ஒருத்தர் "ஏண்டா கோழி மாதிரி கத்துற?"ண்டாரு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள இவன், "நான் கத்தலை பெரியப்பா, என் நரம்பு கத்துது. நீங்க சாப்பிடுங்க, அது தானா நிக்கும்"ண்டு சொல்லிட்டு அப்பளத்தை நொறுக்கிட்டான். அவரு ஒரு நிமிசம் பாத்துட்டு, இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னாரு.

ஸ்கூல்ல டீச்சர் மாறலை. மேலூர் சார் எழுதுனதைக் குடுத்தேன், வாங்கி வச்சுக்கிட்டாங்க. வராந்தாவுல நிறுத்துறது நின்னுருச்சு, அவ்வளவுதான். வகுப்புல பேச மாட்டேன்னுட்டாங்க. அது எனக்கு வருத்தம்தான்.

அப்பத்தா, தாயக்கட்டை புது மண்டபத்துப் பக்கம் தேடி வாங்குனேன், பித்தளை. இன்னும் நாங்க ரெண்டு பேரு மட்டும்தான் ஆடுறோம்.

இப்ப அடுத்த கவலை. ஜூன்ல ஆறாம் வகுப்பு, புது ஸ்கூல், டவுன் பஸ்ல போகணும். முதல் நாளே எல்லாம் கெட்டுருமோண்டு இருக்கு.

மேலூர்_வாத்தியார்

ஜூன் வரை காத்திருக்காதீர்கள் அம்மா. பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு ஆசிரியர்கள் வந்துவிடுவார்கள், அப்போது அவனையும் அழைத்துக்கொண்டு போங்கள். வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் அவன் காலியாக இருக்கும்போது பார்க்கட்டும். வகுப்பாசிரியரையும் விளையாட்டு ஆசிரியரையும் நேரில் பாருங்கள். மைதானத்தில்தான் சண்டை ஆரம்பிக்கும். அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: இவனுக்கு என்ன வரும், வந்தால் என்ன செய்ய வேண்டாம், என்ன செய்தால் உதவும். கொடுப்பதற்கு முன் அவனை வாசிக்கச் சொல்லி, அவனுக்குப் பிடிக்காத வரியை அடித்துவிடுங்கள். அந்த டவுன் பஸ்ஸில் விடுமுறையிலேயே நாலு தடவை போய் வாருங்கள்.

பரவை_அம்மா

சார், எழுதி அவன்ட்ட குடுத்தேன். "இவன் கொஞ்சம் கஷ்டமான பிள்ளை, பொறுத்துக்கொள்ளுங்கள்"ண்டு எழுதியிருந்ததை அடிச்சுட்டான். கீழ அவனே பென்சில்ல, "வாய்ப்பாடு 16 வரை தெரியும். தாயம் ஆடத் தெரியும்"ண்டு எழுதியிருக்கான். அப்படியே குடுக்கலாமா, இல்ல நல்லா எழுதிக் குடுக்கணுமா? டாக்டர் சீட்டு ஜெராக்ஸும் கூட வைக்கவா?

மேலூர்_வாத்தியார்

ஜெராக்ஸ் வையுங்கள். கடிதத்தை அப்படியே கொடுங்கள். பென்சில் அழியும், அந்த இரண்டு வரியின் மேல் அவனையே பேனாவால் எழுதச் சொல்லுங்கள்.